புதுப்பிப்பு: அறுவைக்கு முன் அம்மாவுக்கு ஆல்புமின் 2.8, காரணம் சாப்பாட்டுக் குறைவு அல்ல

பித்தப்பை அறுவைக்கு முன் அம்மாவின் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 2.8 என்று குறைவாக வந்ததால், சத்துக் குறைவா, புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அறுவை நல்லபடியாக முடிந்தது.

"சி.ஆர்.பி. பாருங்கள், எடை குறைந்ததா என்றும் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. ஏகத்துக்கும் ஏறியிருந்தது; பித்தப்பையில் தொற்று. உடம்பில் அழற்சி இருந்தால், நன்றாகச் சாப்பிடுபவருக்கும் ஆல்புமின் இறங்கிவிடுமாம். ப்ரீஆல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதமும் அப்படித்தான், அதனால் அந்தப் பரிசோதனை தேவைப்படவில்லை.

உணவியல் நிபுணர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்பே தசை கரைந்திருக்கிறதா என்று அம்மாவின் நெற்றியின் பக்கவாட்டையும் கட்டைவிரல் அடிச்சதையையும் அழுத்திப் பார்த்தார். கடந்த ஆறு மாத எடை, சாப்பிடும் அளவு எல்லாம் விசாரித்தார். ஊட்டக்குறைவு இல்லை என்றார். மருந்தில் தொற்று அடங்கியதும், பவுடர் எதுவும் இல்லாமலே ஆல்புமின் 3.4 ஆனது. ஆனால் மெதுவாகத்தான்; அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 20 நாள்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: காரணம் சாப்பாட்டுக் குறைவு அல்ல என்றாலும் மருத்துவர் அந்த 2.8-ஐ ஒதுக்கவில்லை. ஆல்புமின் குறைவாக இருந்தால் அறுவைக்குப் பின் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுதலாம். அதனால்தான் தேதியைத் தள்ளிவைத்தார்.