ட்யூபை மாற்றும் முன் லென்ஸையும் மிர்ரரையும் பாருங்கள்: லேசர் கட்டிங் மெஷின் அனுபவங்கள்

"பவர் குறைஞ்சிருச்சு, ட்யூப் போயிருச்சு போல" என்றுதான் எனக்குப் பெரும்பாலும் அழைப்பு வரும். மதுரை, சிவகாசி, தூத்துக்குடி வட்டாரத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்க்கிறேன். போய்ப் பார்த்தால் பல கடைகளில் லேசர் ஒளியை உண்டாக்கும் அந்த ட்யூப் நன்றாகவே இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒளி மூன்று மிர்ரரில் பட்டுத் திரும்பி, கடைசியில் லென்ஸ் வழியாக இறங்கிப் பொருளில் விழ வேண்டும். இந்த வழியில்தான் எங்கோ பவர் காணாமல் போகிறது. ட்யூப் விலை எவ்வளவு என்று கடை நடத்துபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

போனிலேயே முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: பொருளை வைக்கும் பெட் முழுக்க ஒரே மாதிரி வெட்டு குறைகிறதா, இல்லை ஏதாவது ஒரு மூலையில் மட்டுமா? ஒரு மூலையில் நன்றாக வெட்டி, எதிர் மூலையில் வெட்டாமல் விட்டால் அது அலைன்மென்ட், அதாவது மிர்ரர்கள் ஒளியை நேர்வழியில் அனுப்பவில்லை. எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி மோசம் என்றால் அழுக்கு, லென்ஸ், ஃபோகஸ். இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ட்யூப் மேல் சந்தேகம்.

சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை வெட்டும் கடை ஒன்றில் அச்சு அசல் இதுதான் நடந்தது. ட்யூபுக்குக் கிட்ட உள்ள மூலையில் பூ வேலைப்பாடு கச்சிதமாக வந்தது. தூரத்து மூலையில் காகிதம் பாதி ஒட்டிக்கொண்டே நின்றது. மிர்ரரெல்லாம் முதல் நாள்தான் துடைத்திருந்தார்கள். முதல் மிர்ரரைத் தாங்கும் ஸ்க்ரூ ஒன்று அதிர்வில் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். கிட்டத்தில் ஒரு நூல் விலகுவது தூரத்தில் பெரிய விலகலாகிவிடும். ஒளியில் ஒரு பகுதி லென்ஸ் ஹோல்டரின் விளிம்பில் பட்டு வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

அலைன்மென்ட் பார்க்க மாஸ்கிங் டேப் போதும். இரண்டாவது மிர்ரருக்கு முன்னால் டேப் ஒட்டி, அந்த மிர்ரரைச் சுமந்து நகரும் கேன்ட்ரியைக் கிட்டத்தில் நிறுத்திக் குறைந்த பவரில் லேசரை ஒரு தட்டு. அப்புறம் கேன்ட்ரியைத் தூரத்துக்குத் தள்ளி, அதே டேப்பில் இன்னொரு தட்டு. இரண்டு புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விழவில்லை என்றால் முதல் மிர்ரரின் ஸ்க்ரூவைத் திருகி, தூரத்துப் புள்ளியைக் கிட்டத்துப் புள்ளியோடு சேர்க்க வேண்டும். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். புள்ளியை மிர்ரரின் நடுவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். நடுவில் விழுவது இரண்டாம்பட்சம். இரண்டு புள்ளியும் ஒன்றாவதுதான் முதல் வேலை. ஒன்றான பிறகும் நடுவை விட்டு விலகியிருந்தால், ட்யூபையோ மிர்ரர் ஸ்டாண்டையோ மேலே கீழே நகர்த்தித்தான் கொண்டுவர முடியும். அடுத்து லென்ஸ் இருக்கும் ஹெட்டை இடமும் வலமும் தள்ளி, இதையே இரண்டாவது மிர்ரரின் ஸ்க்ரூவில் செய்யுங்கள். கடைசியில் நான்கு மூலையிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழ வேண்டும். தூரத்தில் புள்ளி சற்றுப் பெரிதாகத் தெரிவது இயல்புதான், ஒளி கொஞ்சம் விரிந்துகொண்டே போகும்.

வெட்டும் இடத்தைக் காட்ட மெஷினில் விழும் சிவப்புப் புள்ளியை நம்பி அலைன்மென்ட் செய்யாதீர்கள். அது தனி டையோடின் ஒளி. வெட்டும் ஒளி 10.6 மைக்ரான் அலைநீளம், கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் தட்டும்போது மூடியை மூடி, அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியும் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். மிர்ரரைத் திருகக் கை வைக்கும்போது லேசரை அணைத்துவிடுங்கள். இதில் அவசரமே கூடாது.

மதுரையில் எம்.டி.எஃப் பெயர்ப்பலகை செய்யும் ஒரு அண்ணனுக்கு வேறு விதமான தொந்தரவு. காலையில் நன்றாக வெட்டும், அரைமணி நேரம் போனால் வெட்டு இறங்காது. டீ குடித்துவிட்டு வந்து போட்டால் மறுபடியும் நன்றாக வெட்டும்.

"அண்ணே, லென்ஸைக் கழற்றிப் பாத்தீங்களா?"

"மேல இருந்து பாத்தேன் தம்பி, பளிச்சுன்னுதான் இருக்கு."

கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்பாகப் பிசின் படிந்திருந்தது. எம்.டி.எஃப் பலகையில் மரநாரை ஒட்ட வைக்கும் பிசின் எரிந்து, புகையாக மேலே ஏறி லென்ஸில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலம் ஒளியை உறிஞ்சும், லென்ஸ் சூடாகும், சூட்டில் ஃபோகஸ் நகரும், வெட்டு குறையும். ஆறினால் பழைய நிலைக்கு வரும். அப்படியே விட்டிருந்தால் நடுவில் கருகி விரிசல் விட்டிருக்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு. கொஞ்ச நேரம் ஓட்டி, மெஷினை அணைத்துவிட்டு லென்ஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். சுத்தமான லென்ஸ் பெரிதாகச் சூடாகாது. ட்யூபைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீர் சூடேறினாலும் இதே மாதிரி வெட்டு குறையும் என்பதால், அந்த வெப்பநிலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அவர் கடையில் புகை மட்டும் காரணமில்லை. வெட்டும் இடத்தில் காற்று ஊதும் ஏர் அசிஸ்டுக்கு ஆயில் கம்ப்ரஸர் வைத்திருந்தார், ஃபில்டர் இல்லை. காற்றோடு எண்ணெயும் ஈரமும் நேராக லென்ஸின் அடியில் தெளித்துக்கொண்டிருந்தது. ஃபில்டர் போட்ட பிறகு லென்ஸ் அழுக்கேறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மஞ்சள் லென்ஸ் ஜிங்க் செலினைடு. மென்மையானது, கண்ணாடி மாதிரி கடினம் கிடையாது. பனியன் துணியால் அழுத்தித் தேய்த்துக் கோட்டிங்கையே எடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் தூசியை ஊதித் தள்ளுங்கள். லென்ஸ் டிஷ்யூவில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்டு, அதன் ஈர எடையிலேயே ஒரு திசையில் இழுத்து எடுங்கள். ஒரு டிஷ்யூ ஒரே இழுவைக்குத்தான். உலர்ந்ததை வைத்துத் தேய்க்கவே வேண்டாம். தங்கப் பூச்சு போட்ட சிலிக்கான் மிர்ரருக்கும் இதே கவனம் தேவை. பூச்சில்லாத மாலிப்டினம் மிர்ரர் கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். பிரதிபலிப்பு ஓரளவு குறைவு என்றாலும், எம்.டி.எஃப் அதிகம் வெட்டும் கடைக்கு நான் அதையே சொல்வேன். லென்ஸ் உடைந்தால் வெறும் கையால் அள்ளாதீர்கள், செலினியம் நச்சு. கையுறை போட்டு எடுத்து, உறையில் மூடித் தனியாக வையுங்கள்.

திரும்ப மாட்டும்போது வளைந்த பக்கம் மேலே, தட்டையான பக்கம் கீழே. தலைகீழாக மாட்டினாலும் வெட்டும், ஆனால் புள்ளி பெரிதாகி, கோடு தடித்துக் கருகும்.

தூத்துக்குடியில் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஒரு கடையில் லேசருக்குக் குளிர்ச்சி நல்லது என்று சில்லரை ரொம்பக் குறைத்து வைத்திருந்தார்கள். ஈரக்காற்று பட்டு ட்யூபின் வாய்ப்பக்கம் வியர்த்துக் கிடந்தது. ஏசி போட்டு அறையின் ஈரத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் சில்லரை ஓட்டச் சொன்னேன். வெப்பநிலையையும் கொஞ்சம் ஏற்றி வைத்தோம். வியர்ப்பது நின்றது, ஆனாலும் பவர் முழுதாகத் திரும்பவில்லை. ட்யூபுக்கும் முதல் மிர்ரருக்கும் இடையே, சிவப்புப் புள்ளியை ஒளிப்பாதையில் சேர்க்க ஒரு சிறிய கம்பைனர் கண்ணாடி இருக்கும். எல்லா மெஷினிலும் இருக்காது, இருந்தால் யாரும் அதைத் துடைப்பதில்லை. கழற்றினால் ஈரத்தில் தூசி ஒட்டி ஒரு திட்டு. துடைத்து மாட்டியதும் 5 மி.மீ. அக்ரிலிக் ஒரே ஓட்டத்தில் விழுந்தது.

அதே கடையில் மிர்ரர் ஸ்டாண்டெல்லாம் துருப்பிடித்திருந்ததைப் பார்த்து, ரெக்ஸின் வெட்டுகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். ரெக்ஸினில் பெரும்பாலும் பி.வி.சி பூச்சுதான், அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். ஸ்டாண்டையும் மிர்ரரையும் அரிப்பது ஒருபக்கம், அதைச் சுவாசிப்பவரின் நுரையீரலையும் அது விடாது. இனி அந்த ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூக்களை மட்டும் மாற்றிக் கொடுத்து வந்தேன்.