அசைலம் (1972), நாலு கதை சேர்ந்த இங்கிலீஷ் பேய்ப்படம்: உங்களை விடாம தொரத்துற காட்சி எது?

குளச்சல் ஐஸ்:
மத்த மூணு கதையும் கெடக்கட்டும். எனக்கு அந்தப் பொதிஞ்ச தலையாக்கும். முதல் கதையில ஒருத்தன் பெண்டாட்டிய வெட்டி, துண்டு துண்டா பழுப்புத் தாள்ல சுத்தி, நூல் கட்டி, புது ஃப்ரீசருக்குள்ள அடுக்கியாச்சு. பொறவு தரையில கெடக்குற தலைப் பொதி மூச்சு விடுது. தாள் உள்ள ஒட்டுது, வெளிய உப்புது. ரத்தம் இல்ல, பல் இல்ல, வெறும் தாள் சத்தம்.

ஆனா ஒரு கணக்கு இடிக்குது. வீட்டு ஃப்ரீசர்ல ஒரு நாளைக்குப் புதுசா உறைய வைக்கிறது அதோட கொள்ளளவுல பத்துல ஒரு பங்குதான் இருக்கணும். அம்பது அறுபது கிலோ சூடான சதைய ஒரே நேரத்துல அடைச்சா மைனஸ் 18-ல நின்ன பெட்டி மேல ஏறிடும், மோட்டார் நிக்காம ஓடும். வெளிப்புறம் கல்லாட்டு இருக்கும், நடு மறுநாளும் கொழகொழன்னு கெடக்கும். சாதாத் தாள்னா உள்ள இருந்தே நனைஞ்சு கிழியும். படத்துல எல்லாப் பொதியும் கடையில இருந்து இப்பத்தான் வந்த மாதிரி காய்ஞ்சு கெடக்கு.

வடசேரி கத்தரி:
ஐஸ் அண்ணாச்சி கணக்கு சரி. தையக்காரன் கதையில இன்னும் மோசம் பாத்துக்கிடுங்க. மினுங்குற துணி, ராத்திரியில குறிச்ச நேரத்துல மட்டும் கைத்தையல். முழு சூட்டையும் கையால தைச்சா அம்பது மணி நேரத்துக்குக் குறையாது. நெஞ்சுக்குக் கேன்வாஸ் வைக்கணும், காலர் மடிப்புல பொடித்தையல் போட்டு வளைவு வரவைக்கணும், காஜா ஒவ்வொண்ணும் கையால எடுக்கணும். ராத்திரிக்கு அஞ்சு மணி நேரம்னு வச்சாலும் பத்து ராத்திரி. அதுலயும் ஜரிகை கலந்த துணி வெட்டுன இடத்துல எல்லாம் நூல் பிரியும். இஸ்திரிப் பெட்டிய நேரா வச்சா சுருங்கிடும், மேல ஒரு பருத்தித் துணி போட்டுத்தான் அழுத்தணும். அந்த ஆளு ஒண்ணுக்கும் அசரல.

இதையெல்லாம் விட்டாலும் என்னைய விடாதது ஆட்டோ. கடையில நிக்கிற பொம்மைக்கு ஆட்டோன்னு பேரு. கையோட இருக்குற பொம்மைக்கு யாரும் ஒத்தையில கோட்டு மாட்ட முடியாது. கையைக் கழத்தணும், கோட்டத் தோள்ல போடணும், கைய சட்டைக்கையிக்குள்ள விட்டுத் திருகிப் பூட்டணும். தையக்காரன் எரிக்கச் சொன்ன சூட்ட அவன் பெண்டாட்டி பொம்மைக்கு மாட்டுனான்னா, அவ்வளவு நேரம் அவ கை அது மேல இருந்திருக்கு. படம் அதைக் காட்டல. அதுதான் கூடுதல் பயம்.

சூட்டுக்குக் காசு கொடுக்கிறவரா வர்றது நடிகர் பீட்டர் குஷிங். செத்த மகனுக்கு உசிரு வரவைக்கிற சூட்டாக்கும். 1971 ஜனவரியில அவரு மனைவி இறந்தாவ, அடுத்த வருசம் இந்தப் படம். அந்த முகத்துல நடிப்பு எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்க முடியல. நம்ம பக்கம் கல்லறைக்குப் போறவருக்குக் கோட்டுப் போடும்போது முதுகுத் தையலப் பிரிச்சுத்தான் போடணும், விறைச்ச கை பின்னால வளையாது. அந்தச் சூட்ட மகனுக்கு எப்படிப் போடப் போறாருங்கிற கேள்விய யாருமே கேக்கல.

மணவாளக்குறிச்சி:
மேல ஃப்ரீசர் பேச்சு வந்ததால சொல்றேன். படத்துல எனக்குப் பிடிச்சதும் அந்தப் பொதிதான், அத்தோட விட்டுடுறேன். ஆனா வீட்டுல இறைச்சி வைக்கிறவங்க தாள்ல சுத்தி வைக்கவே வைக்காதீங்க. அரைக் கிலோ, அரைக் கிலோவா தட்டையாப் பரத்தி, கெட்டி பாலித்தீன் பையில போட்டு, காத்த முழுசாப் பிதுக்கி, தேதி எழுதி வைக்கணும். உருண்டையா வச்சா நடுவுல உறையாது. காத்து இருந்தா மேல் பாகம் வெளிறிக் காய்ஞ்சு நார் மாதிரி ஆயிடும். மீனுக்கு வேற கணக்கு: நம்ம வெயிலுக்கு மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ். குடலும் செவுளும் எடுத்துக் கழுவி, ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு. அடியில தண்ணி வடிய வழி வேணும், இல்லன்னா உருகுன தண்ணியில ஊறி மீன் வெளுத்துப்போகும். ஒருக்க உருக்குனத திரும்ப ஃப்ரீசர்ல வைக்காதீங்க. கரண்டு போச்சுன்னா மூடியத் திறக்காதீங்க. நிறைஞ்ச பெட்டி ரெண்டு நாள் தாங்கும், பாதிப் பெட்டி ஒரு நாள்தான்.

வடசேரி கத்தரி:
அண்ணாச்சி, அது பெண்டாட்டி, நெய்மீன் இல்ல.

நைட் டியூட்டி:
எல்லாரும் தாளையும் துணியையும் பேசுறீங்க. எனக்கு உறுத்துறது மூணாவது கதை. பார்பரா வீட்டுக்குத் திரும்புறா. அண்ணனும் நர்ஸும் காவல். பக்கத்துல லூசின்னு ஒரு சிநேகிதி. கத்தரிக்கோல் குத்து எல்லாம் முடிஞ்ச பொறவு கண்ணாடியில தெரியிற முகம் லூசி.

இதைப் பார்த்துட்டு "மனச்சிதைவு நோய்"னு எழுதுறாங்க. அது தப்பு. ஸ்கிசோஃப்ரீனியாவுக்குத்தான் தமிழ்ல மனச்சிதைவு. அதுல ஆள் ரெண்டாப் பிரியறதில்ல. காதுல குரல் கேக்கும், சந்தேகம் வேரோடும், பேச்சு தொடர்பு அறும். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு பேர் இருக்கிறதா வர்றது வேற வகை, 1994-ல அதோட பேரையே மாத்திட்டாங்க. சிதைவு, பிளவுன்னு நம்ம சொல்லே வழுக்கி விடுது.

இன்னொண்ணு, மருந்து. கையில குடுத்துட்டுத் திரும்பிடுறதுதான் படங்கள்ல எப்பவும். உண்மையில தண்ணி குடுக்கணும், ரெண்டு வார்த்தை பேச வைக்கணும், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கச் சொல்லணும், கன்னத்தோட உள்பக்கமும் பார்க்கணும். கன்னத்துல ஒதுக்கின மாத்திரை அஞ்சு நிமிசத்துல தலையணை உறைக்குள்ள போயிரும்.

அருமனை ரசிகன்:
படத்தப் படமாப் பாருங்க சிஸ்டர். இது வேதாளம் கதை மாதிரி. மனநோய் ஆஸ்பத்திரி மாடியில நாலு நோயாளி, நாலு கதை, வேலை கேட்டு வந்த புது டாக்டருக்கு ஒரு கேள்வி: இதுல முன்னாடி டாக்டரா இருந்த ஸ்டார் யாரு? நோயக் கண்டுபிடிக்க எடுத்த படமில்ல, ஆளக் கண்டுபிடிக்க எடுத்தது. ராபர்ட் பிளாக் எழுதுனது, ராய் வார்ட் பேக்கர் எடுத்தது, அமிகஸ் கம்பெனி, ஒண்ணரை மணிக்கு ரெண்டு நிமிசம் குறைவு. முசோர்க்ஸ்கியோட "வழுக்கை மலையில ஓர் இரவு" இசையோட தொடங்கும்போதே சொல்லிட்டானே, இது விளையாட்டுன்னு.

தமிழ்ல சப்டைட்டில் போடுறவங்களுக்கு இதுல ஒரு சங்கதி உண்டு. டாக்டர் பேரு பி. ஸ்டார். போனி, புரூனோ, பார்பரா, பைரன், எல்லாமே அந்த எழுத்துல தொடங்குற பேரு. நம்ம எழுத்துலயும் அந்தத் தூண்டில் அப்படியே நிக்குது. ஸ்டார் ஆணா பெண்ணான்னு வேற சொல்லக்கூடாது. "வந்தான்", "வந்தாள்"னு போட்டா கதை போச்சு. "வந்தார்"னு போட்டாத் தப்பிச்சோம். "அவிய வந்தாவ"ன்னா இன்னும் கெட்டி. மரியாதை நம்மளக் காப்பாத்துற இடம்.

நைட் டியூட்டி:
விளையாட்டுன்னே வச்சுக்குவோம். வேலைக்கு வந்த டாக்டரு நாலு அறைக்குப் போறாரு. என்ன தேதி, எந்த இடம், தூக்கம் எப்படி, குரல் கேக்குதா, தனக்கு நோய் இருக்குன்னு நோயாளி ஒத்துக்கிடுறாங்களா? ஒண்ணு கேக்கல. கதை கேட்டுட்டு வெளிய வர்றாரு. சாவி முழுக்க ஒரே உதவியாளன் கையில. அவனை யாரும் சந்தேகப்படல. 1972 படத்துக்கு இனி என்ன மறைக்க, அவன்தான் ஸ்டார். நிஜ உதவியாளன் செத்துக் கெடக்கான். ஸ்டெதஸ்கோப்பால புது டாக்டரு கழுத்தையும் நெரிச்சாச்சு. திரையில நல்ல திருப்பம். ஆனா நோயாளின்னா கொல்லுவாங்கிற எண்ணத்தையும் அதே திருப்பம் ஊட்டுது.

பூட்டு, சங்கிலி விளையாட்டு இல்ல. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, மனநோயாளிங்கள வச்சிருந்த இடம். தீப்பிடிச்ச கொட்டகையில சங்கிலியோட கெடந்தவங்க 28 பேர் செத்தாங்க. 2017-ஆம் வருச மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்துலயும் சங்கிலி போடக்கூடாதுங்குது, தனியறையில அடைக்கவும் கூடாதுங்குது. உடனடி ஆபத்தத் தடுக்க வேற வழியே இல்லன்னாத்தான் கட்டலாம், அதுவும் மருத்துவர் அனுமதியோட, ஆபத்து தீருற வரைக்கும் மட்டும். இங்கிலாந்துல "அசைலம்"ங்கிற சொல்லையே 1930-ல சட்டத்துல இருந்து எடுத்தாச்சு. தலைப்பு அப்பவே பழசு. நம்ம பக்கம் மட்டும் இன்னும் திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரியச் சொல்லி "ஊளம்பாறைக்குக் கொண்டு போ"ன்னு கேலி பேசுறோம். வீட்டுல யாருக்காவது தூக்கம் கெட்டு, தனியாப் பேச ஆரம்பிச்சா அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது.

கொட்டாரம் மண்:
சண்டைக்கு நடுவுல நாலாவது கதைய மறந்துட்டீங்க. பைரன் செய்யிற குட்டிப் பொம்மைங்க. முகம் ஆளோட முகம், உடம்பு தகரப் பொம்மை மாதிரி, உள்ள குடல். இசக்கியம்மனுக்கு நேர்ந்து வைக்கிற மண் பிள்ளை உருவ நினைச்சுப் பாத்தா இது அவ்வளவு புதுசில்ல. ஆனா நம்ம உரு உள்ள வெறும் பொள்ளலாக்கும். கெட்டியா செஞ்சா ஈரம் ஆவியாகிச் சூளையில வெடிக்கும், அதனால சுவரு ஒரு விரலுக்குள்ள இருக்கணும், காத்துப் போக ஓட்டையும் வேணும். பைரன் பொம்மை நசுங்கும்போது உள்ள இருந்து சதை பிதுங்குது பாருங்க, அந்த ஒரு நொடிதான். மண்ணு உடையிற சத்தத்த எதிர்பாக்குற காதுக்கு ஈரச் சத்தம்.

இன்னொரு சந்தேகம். சாதாரண அறுவைக் கத்திப் பிடியே பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல. கைக்குள்ள அடங்குற பொம்மை அத எப்படித் தூக்கிப் பெரிய டாக்டரு பிடரியில எறக்கும்? எடை இல்லாத கைக்குக் குத்து எறங்காது, பொம்மைதான் பின்னால சரியும்.

குளச்சல் ஐஸ்:
கொட்டாரம் சொன்ன ஈரச் சத்தம் சரி, ஆனா என் பொதிக்கு அது ஆகாது. மேல நான் போட்ட குறையையே இப்பத் திருப்பி எடுக்குறேன். தாள் நனைஞ்சிருந்தா சத்தமே வராது. படப்பிடிப்புல தாள் பையோட சலசலப்பு வசனத்துல விழக்கூடாதுன்னா தண்ணி தெளிச்சு வைப்பாங்க, அப்படியே அடங்கிடும். இங்க வசனமே இல்ல, சத்தந்தான் பேய். மொறமொறன்னு காய்ஞ்ச தாளு, மைக்கு ஒரு சாண் தூரத்துல, உள்ள ஒரு ரப்பர் பையி, அதுல ஒரு குழாய், யாராவது மெதுவா ஊதி இழுத்தாப் போதும். ஆனா ஊதுறத விட இழுக்குறத நீளமா வைக்கணும். ஊதும்போது அது வெறும் பொதி. தாள் உள்ள ஒட்டும்போதுதான் மூக்கும் வாயும் எங்க இருக்குன்னு தெரியும்.