மறு: மறுசுழற்சிச் சிற்பமா, உதிரிச் சிற்பமா?

அனைவருக்கும் வணக்கம்.

பயன்பாடு முடிந்த ஆலைப் பொருள்களை இணைத்துச் செய்து பொதுவெளியில் வைக்கும் சிற்பங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிவருகிறோம். அதற்கு 'மறுசுழற்சிச் சிற்பம்' என்ற பெயர் எனக்கு உடன்பாடில்லை. மறுசுழற்சியில் பழைய இரும்பு உலைக்குப் போகிறது. உருகி, தகடாகவோ கம்பியாகவோ வெளியே வருகிறது. முன்பு பல்சக்கரமாக இருந்ததற்குத் தடயமே இராது. நாம் பெயர் தேடும் கலையில் பல்சக்கரம் பல்சக்கரமாகவே தெரிய வேண்டும், அதுவே பறவையின் கண்ணாகவும் தெரிய வேண்டும்.

'கழிவுச் சிற்பம்' சொல்ல எளிது, செய்தித்தாள் தலைப்புக்கும் அடங்கும். ஆனால் கழிவு என்றதும் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது. பொருளும் முழுதாகப் பொருந்தவில்லை. 1962இல் அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் இத்தாலியின் வோல்ட்ரியில், மூடிக் கிடந்த ஆலையொன்றில், ஏறத்தாழ ஒரே மாதத்தில் 27 சிற்பங்கள் செய்தார். அங்கே கிடந்த குறடுகள், சக்கரங்கள், தகட்டுத் துண்டுகளைத்தான் பற்றவைத்தார். அந்தக் குறடு கழிவா? பிடிக்க வேலை இல்லாமல் போன கருவி, அவ்வளவுதான்.

ஆகவே என் பரிந்துரை 'உதிரிச் சிற்பம்'. உதிரிபாகம் என்ற சொல் பட்டறையில் ஏற்கெனவே புழங்குகிறது. கோக்காத பூ உதிரிப்பூ, கோத்தால் மாலை. உதிர்ந்ததைச் சேர்ப்பது என்ற கருத்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ('உதிரிக் கட்சி' என்னும் ஏளனத் தொனி இங்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சிற்பம் என்று சேர்த்துச் சொல்லும்போது அது மறைந்துவிடும்.)

இச்சொல் இடறும் இடங்களும் உண்டு. 1960இல் பிரெஞ்சுச் சிற்பி செசார் பாரிஸில் காட்சிக்கு வைத்தவை எந்திரத்தில் அமுக்கிக் கட்டியாக்கிய கார்கள். அங்கே உதிரி ஏது, எல்லாம் நசுங்கிய ஒரே திரள். அதற்கு 'அமுக்கச் சிற்பம்' என்று தனிச்சொல் வைக்கலாம். இன்னும் சிக்கலானது பிக்காசோவின் 1942ஆம் ஆண்டுக் காளைத்தலை: மிதிவண்டி இருக்கையும் கைப்பிடியும் சேர்ந்தது. பின்னர் அதை வெண்கலத்திலும் வார்த்தார்கள். வார்ப்பில் உதிரியின் வடிவம் இருக்கிறது, உதிரி இல்லை. அதை 'உதிரிச் சிற்ப வார்ப்பு' என்றே குறிக்கலாம் என நினைக்கிறேன்.

'பொதுவெளி'யைக் கலைச்சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். தேவையானபோது முன்னொட்டாகச் சேரட்டும். விளக்கத்தில் மட்டும் ஒரு வரி வேண்டும். எஃகும் செம்பும் தொட்டபடி மழையில் நனைந்தால் எஃகு விரைவில் அரிக்கும் என்பதால், திறந்தவெளியில் எதை எதோடு இணைப்பது என்பதும் இக்கலையின் பகுதியே.

வரைவு: உதிரிச் சிற்பம் – பயன்பாடு முடிந்த ஆலைப் பொருள்களை, முன்னை உருவம் தெரியும்படி இணைத்துச் செய்த சிற்பம்.

'ஆலைப் பொருள்' என்பதில் கப்பல் சங்கிலி அடங்குமா?