இஸ்ரோவின் பழைய ராக்கெட்டான ஏ.எஸ்.எல்.வி.யை நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

1988 ஜூலை 13. எனக்கு அப்போது 11 வயது. பழவேற்காட்டில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தோம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. வடக்கே ஒரு வெள்ளைக் கோடு கிளம்பி மேலே ஏறியது. உறுமல் சத்தம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கோடு நெளிந்து சிதறிவிட்டது. "போச்சுடா" என்றார். கீழே இறங்கும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

எங்கே தப்பு நடந்தது என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது. அதற்கு முந்தைய எஸ்.எல்.வி.-3 என்பது 17 டன் ராக்கெட், 40 கிலோவைத்தான் சுமக்கும். 150 கிலோ தூக்க வேண்டும் என்றபோது புதிதாக ஒரு பெரிய மோட்டார் செய்யவில்லை. அதன் முதல் கட்டத்தையே இன்னும் இரண்டு எடுத்து, ஸ்ட்ராப்-ஆனாக, அதாவது பக்க மோட்டாராக, அந்த ராக்கெட்டின் இரு பக்கமும் கட்டிவிட்டார்கள். அதுதான் ஏ.எஸ்.எல்.வி. தரையில் எரிவது அந்த இரண்டு மட்டும்தான். அவை தீர்ந்த பிறகு நடு மோட்டார் வானத்தில் பற்ற வேண்டும். அந்த இடத்தில் பற்றாமல் போனதால்தான் விழுந்தது.

—

தம்பி, சின்னத் திருத்தம். நடு மோட்டார் பற்றாமல் போனது முதல் தடவை, 1987 மார்ச் 24-ல். நீங்கள் பார்த்தது வேறு கதை.

ராக்கெட் மோட்டார் உறை செய்த ஒரு பட்டறையில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். வெல்டிங் தையலை எக்ஸ்ரே எடுத்த பிறகும், உள்ளே கைவிட்டு ஒருமுறை தடவிப் பார்க்காமல் அனுப்ப மனசு வராது. அதனால் அந்தத் தோல்வியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஸ்ட்ராப்-ஆன்களின் உந்துவிசை அடங்கி, நடு மோட்டார் பொறுப்பேற்கும் அந்த இடைவெளி, காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் உயரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. செயற்கைக்கோளை மூடியிருக்கும் தலைப்பகுதியோ உடம்பைவிடப் பருத்தது. திசைமாற்றும் சக்தி குறைவாக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ராக்கெட் சாய்ந்தது, காற்று அதை முறித்துவிட்டது.

அப்புறம் அடியில் துடுப்புகள் வைத்தார்கள். கடிகாரத்தை நம்பாமல், ஸ்ட்ராப்-ஆன் விசை குறைவதை ராக்கெட்டே உணர்ந்து நடு மோட்டாரைப் பற்றவைக்கும்படி மாற்றினார்கள். என்னைக் கேட்டால் ஏ.எஸ்.எல்.வி. கற்றுக்கொடுத்த பெரிய பாடம் இந்த மாற்றம்தான். 1992 மே 20-ல் போய்ச் சேர்ந்தது, ஆனால் சுற்றுப்பாதை நினைத்ததைவிடத் தாழ்ந்துபோனது. 1994 மே 4-ல் ஒழுங்காக முடித்தது. அதோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மோட்டாருக்கு மட்டும் ஓய்வில்லை, அடுத்து வந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டைச் சுற்றி ஆறு ஸ்ட்ராப்-ஆன்களாக நின்றது அதே வம்சம்தான்.

—

திருத்தியதற்கு நன்றி அண்ணா. இத்தனை வருடமாக இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறேன்.

1992-ல் நான் ஊரில் இருந்தேன், வானொலிச் செய்தியில்தான் கேட்டேன். ஒரு வாரம் கழித்துச் சித்தப்பாவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. வீட்டு விஷயம், மீன் விலை எல்லாம் எழுதிவிட்டு, மடிக்கிற ஓரத்தில் ஒரே ஒரு வரி: "இந்தத் தடவை நூறு வரை எண்ணினேன்."