காஸ்ட்ராட்டோவுக்கு எழுதிய ஆரியாவை இன்று யார் பாடுவது?

நிழல்மரம்:
நேற்றிரவு லண்டனில் ஒரு கவுன்டர்டெனர் கச்சேரி; பெண் குரலின் உயரத்தில் பாடும் ஆண் அவர். ஹாண்டல், க்ளுக், மொசார்ட் ஆகியோரின் ஆரியாக்கள், அதாவது ஓபரா தனிப்பாடல்கள், இசைக்குழுவுடன். ஹாண்டலின் ‘அரியோடன்டே’ ஓபராவில் வரும் ‘ஸ்கெர்ஸா இன்ஃபிதா’ இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. காதலி துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பி உடைந்துபோகும் நாயகனின் பாட்டு. வயலின்கள் ஒலியடக்கி மாட்டி முணுமுணுக்கின்றன, அடித்தந்திகளை விரலால் சுண்டுகிறார்கள், நடுவே பஸூன் என்ற ஊதுகருவி தனியாக அழுகிறது. இதை ஆண்தான் பாட வேண்டும். பெண் குரலில் கேட்க இனி எனக்கு மனம் வராது.

தந்திக்காரி:
அனுபவம் உங்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. 1735இல் இதைப் பாடிய காரெஸ்டினி ஒரு காஸ்ட்ராட்டோ. குரல் உடையும் முன்பே சிறுவனுக்கு விதைநீக்க அறுவை செய்துவிடுவார்கள். குரல்நாண் சிறுவனுடையதாகவே நிற்கும், நெஞ்சுக்கூடு மட்டும் வளரும். கவுன்டர்டெனர் பாடுவதோ கள்ளக்குரலில், அதாவது இயல்பான குரலுக்கு மேலே எழுப்பும் ஃபால்செட்டோவில். காஸ்ட்ராட்டோ கிடைக்காதபோது ஹாண்டல் யாரிடம் போனார்? 1720 ஏப்ரலில் ‘ராதமிஸ்தோ’வின் நாயகனைப் பாடியவர் துரஸ்தாந்தி என்ற பெண். செனெசினோ என்ற காஸ்ட்ராட்டோ வந்த பிறகு, அதே டிசம்பரில்தான் அந்த வேடம் அவருக்குப் போனது.

நிழல்மரம்:
‘கள்ளக்குரல்’ என்றதும் ஏதோ ஏமாற்று வேலை போலத் தோன்றிவிடுகிறது. பல ஆண்டுப் பயிற்சியில் விளைந்த குரல் அது. ஆரியாவின் முதல் பகுதி திரும்ப வந்தபோது, பாடகர் முதல் சொல்லைக் கிட்டத்தட்ட மூச்சாகவே விட்டார். அரங்கில் ஒருவர்கூட அசையவில்லை.

பழைய சுருதி:
ஒரு கேள்வி. இசைக்குழு குடல் தந்தியா, இன்றைய உலோகத் தந்தியா? பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு இசையைப் பழைய முறையில் வாசிக்கும் பரோக் குழுக்கள் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கின்றன, வழக்கமான 440ஐவிட ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழே. குடல் தந்தியின் ஒலியும் மெல்லியது. குரல் எடுபடுவதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

நிழல்மரம்:
இன்றைய குழுதான். மொசார்ட்டின் ‘மித்ரிதாதே’யிலிருந்து ஃபர்னாசேயின் ஆரியாவைப் பாடியபோது, கீழ் ஸ்தாயியில் குரல் இரண்டு இடங்களில் வயலின்களுக்கு அடியில் போனது. அதை மறைக்கவில்லை.

தந்திக்காரி:
அதைத்தான் சொல்கிறேன்! நல்ல மெஸ்ஸோவுக்கு, அதாவது நடுத்தர உயரக் குரல் கொண்ட பாடகிக்கு, அந்த இடங்களில் நெஞ்சுக்குரல் தானாக வந்து நிற்கும். க்ளுக்கின் ‘ஓர்ஃபெயோ’வையும் பாருங்கள். 1762இல் வியன்னாவில் குவாதான்யி என்ற காஸ்ட்ராட்டோ. 1774இல் பாரிஸுக்காக க்ளுக்கே அதை டெனருக்கு, அதாவது உயர்ந்த ஆண் குரலுக்கு, மாற்றி எழுதினார். 1859இல் இசையமைப்பாளர் பெர்லியோஸ் அதைத் திருத்தியது பொலீன் வியார்டோ என்ற பாடகிக்காக. கவுன்டர்டெனர் இந்த வரிசையில் கடைசியாக வந்தவர். வரட்டும், பாடட்டும். பெண்களை வெளியே போகச் சொல்லாதீர்கள்.

நிழல்மரம்:
‘மனம் வராது’ என்று எழுதியது மிகை, திரும்பப் பெறுகிறேன். வரலாறு உங்கள் பக்கம்தான். ஆனாலும் ‘ஸ்கெர்ஸா இன்ஃபிதா’வை விட்டுத்தர மாட்டேன். ஓரிடத்தில் அவர் கள்ளக்குரலை விட்டுத் தன் சொந்தக் குரலுக்கு இறங்கினார். ஒரே ஒரு ஸ்வரம், கரகரத்த ஆண் குரல். அதுவரை அந்த உடலுக்குள் எங்கே இருந்தது அந்தக் குரல்? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பழைய சுருதி:
அந்த ஸ்வரத்துக்காகவே நானும் போயிருப்பேன்.