கிரப் மெனுவில் விண்டோஸைக் காணவில்லை: ஓஎஸ்-புரோபரை முடக்கியது சரியா?

மருதன்:
விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில், எந்த இயங்குதளத்தைத் துவக்குவது என்று மெனு காட்டிக் கேட்கும் கிரப் நிரலின், 2021-இல் வந்த 2.06 பதிப்புக்கு மாறிய பிறகு பலருக்கும் மெனுவில் விண்டோஸ் வரியே வருவதில்லை. மெனுவைப் புதிதாக எழுதும் அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுத்தால், மற்ற இயங்குதளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-புரோபர் இயக்கப்படாது என்று ஓர் எச்சரிக்கை மட்டும் திரையில் ஓடுகிறது. அதை யார் நின்று படிக்கிறார்கள்? தானாக நடந்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

செங்கோடன்:
அந்த வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள், மருதன். ஓஎஸ்-புரோபர் ரூட் (முழு நிர்வாக) அதிகாரத்தோடு ஒவ்வொரு பார்டிஷனையும் (வட்டுப் பிரிவையும்) மவுன்ட் செய்து, அதாவது திறந்து இணைத்து, உள்ளே துழாவும். செருகி வைத்திருக்கும் யூஎஸ்பி வட்டுக்கும் விலக்கில்லை. யாராவது திட்டமிட்டுச் சிதைத்த கோப்பு முறைமை அதில் இருந்தால், திறப்பதே ஆபத்தில்லையா? அதனால்தான் கிரப் குழு இயல்பிலேயே முடக்கியது. வேண்டுபவர்கள் ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ் என்று எழுதி, அப்டேட்-கிரப் கொடுத்தால் முடிந்தது.

மருதன்:
உங்களுக்கு முடிந்தது. அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாதவர் என்ன செய்வார்? பூட்/கிரப் கோப்புறைக்குள் போய் மெனு எழுதப்பட்டிருக்கும் கிரப்.சிஎஃப்ஜி-யை நேரடியாகத் திருத்துவார். 'இதைத் திருத்தாதீர்கள்' என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அடுத்த பதிப்பு வந்ததும் கோப்பு புதிதாக எழுதப்பட்டு, சேர்த்ததெல்லாம் போய்விடும்.

தாமரை:
இருவரும் ஓஎஸ்-புரோபரை விட்டால் வழியில்லை என்பதுபோல் பேசுகிறீர்கள். யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த துவக்க முறை) உள்ள கணினியில் விண்டோஸைத் தேடி அலையவே வேண்டாம். அதன் துவக்கக் கோப்பு ஈஎஃப்ஐ பார்டிஷனில், ஈஎஃப்ஐ/மைக்ரோசாஃப்ட்/பூட் கோப்புறையில் இருக்கும். ஈடிசி/கிரப்.டி-யில் உள்ள 40_கஸ்டம் கோப்பில் ஒரு மெனுஎன்ட்ரி (மெனு வரி) எழுதுங்கள். அந்தப் பார்டிஷனின் யூயூஐடி-யை (தனி அடையாள எண்ணை) சர்ச் கட்டளைக்கும், கோப்பின் பாதையை, அதைத் துவக்கிவிடும் செயின்லோடர் கட்டளைக்கும் கொடுத்து, ஒருமுறை அப்டேட்-கிரப் ஓட்டினால் போதும். கெர்னல் எத்தனை முறை மாறினாலும் அந்த வரி அழியாது. கிரப்புக்கு மாற்றான சிஸ்டம்டி-பூட்டோ, அதே பார்டிஷனில் விண்டோஸ் இருந்தால் தானே கண்டுகொண்டு மெனுவில் சேர்த்துவிடுகிறது.

செங்கோடன்:
தாமரை சொல்வதை ஏற்கிறேன். மற்ற பார்டிஷன்களைத் தொடவே வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால், கிரப் வழியாகப் போகும்போது மீட்புச் சாவி கேட்கக்கூடும். முதலில் அதை எடுத்து வையுங்கள்.

மருதன்:
நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் நேற்று லினக்ஸுக்கு வந்தவரிடம் யூயூஐடி பார்த்து மெனுஎன்ட்ரி எழுதச் சொல்ல எனக்கு மனம் வராது. விண்டோஸ் இருப்பதைப் பார்த்துத்தானே லினக்ஸின் நிறுவி (இன்ஸ்டாலர்) வட்டைப் பிரிக்கிறது? அப்போதே பயனரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் எழுதிவைக்கட்டும். அதுவரை, என்னிடம் கேட்பவர்களுக்கு ஃபால்ஸ் என்று எழுதத்தான் சொல்வேன்.