ஹைலக்ஸின் முன் டிஸ்க் மாற்றப்போய் பேரிங் வரை கழற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 1996 டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்). மொடல் எல்என்106, ஃபோர்வீல், 2.8 லீட்டர் டீசல். போன மாதம் நுவரெலியாவிலிருந்து குடும்பத்தோடு இறம்பொடை இறக்கத்தில் வரும்போது, பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் உதறியது. இரண்டாம் கியரில்தான் இறங்கினேன். இருந்தும் புசல்லாவை வருவதற்குள் முன் சில்லுப் பக்கம் கருகல் வாடை. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினோம். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிரேக் டிஸ்க்கை, அதாவது சில்லோடு சுழலும் வட்டத் தட்டை, ஏற்கெனவே இரண்டு தடவை லேத்தில் கொடுத்துக் கடைந்தாயிற்று. அளந்து பார்த்தால், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்புக்கும் கீழே போயிருந்தது. மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. சரி, புதிதாகவே போடுவோம் என்று கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் டிஸ்க்கும் பிரேக் பேடும் வாங்கி வந்தேன்.

அங்கேதான் பிழை விட்டேன். கார் மாதிரி சில்லையும் காலிப்பரையும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) கழற்றினால் டிஸ்க் கையோடு வந்துவிடும் என்று நினைத்தேன். இந்த வண்டியில் டிஸ்க் ஹப்புக்கு (சில்லைப் பூட்டும் நடுப்பகுதி) பின்னால் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. ஃப்ரீவீல் லொக்கை (ஃபோர்வீலுக்கு முன் சில்லை அக்ஸிலோடு இணைக்கும் பூட்டு) கழற்றி, 54 மில்லிமீட்டர் நட்டு இரண்டையும் எடுத்து, பேரிங்கோடு ஹப்பை முழுதாக வெளியே இழுக்க வேண்டும். அதனால் ஒயில் சீல், இரண்டு நட்டுக்கும் நடுவில் வரும் லொக் வாஷர், கேஸ்கெட், பேரிங் கிறீஸ் எல்லாமே முதலே கையில் இருக்க வேண்டும். நான் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவற்றை வாங்க மறுபடியும் பஸ் ஏறினேன்.

வலது பக்க நட்டைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. முன்பு பேரிங் போட்ட கராஜில் 54 சொக்கெட் இல்லாமல் உளி வைத்து அடித்திருக்கிறார்கள். நட்டின் விளிம்பெல்லாம் சிதைந்திருந்தது. லொக் வாஷரின் காதையும் மடிக்கவில்லை. நட்டு தளர்ந்து ஹப் ஆடியிருக்கிறது. உதறலில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் புது டிஸ்க்கை மட்டும் போட்டிருந்தால் காசும் போய், ஆபத்தும் அப்படியே இருந்திருக்கும்.

திருப்பிப் பூட்டும்போது பேரிங் இறுக்கத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தேன். முதலில் நட்டை நன்றாக இறுக்கி, ஹப்பை இரண்டு பக்கமும் சுற்றி, பேரிங்கை உட்கார வைத்தேன். பிறகு தளர்த்தி, மெதுவாக இறுக்கிக்கொண்டு வந்தேன். சில்லு போல்ட்டில் ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுத்தால், 2.8 முதல் 5.7 கிலோவுக்குள் ஹப் சுழலத் தொடங்க வேண்டும். மீன் நிறுக்கும் தராசே போதும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகுதான் பேடைப் போட்டேன். காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள்.

அப்புறம் வெறும் ரோட்டில் 60லிருந்து 10 வரை பத்துத் தடவை, முழுதாக நிறுத்தாமல், பிரேக் பிடித்துப் பேடைப் பழக்கினேன். போன கிழமை அதே இறக்கத்தில் வந்தேன். உதறல் இல்லை, வாடையும் இல்லை.

மறுமொழி: அண்ணா, ஃப்ரீவீல் லொக்கின் ஆறு நட்டிலும் இருக்கும் கோன் வாஷர் (ஆப்பு மாதிரி இறுகும் கூம்பு வளையம்) பற்றிச் சொல்லவில்லையே? எனக்கு அரை நாள் போனதே அதில்தான். நட்டை ஸ்டட்டின் நுனிவரை தளர்த்தி வைத்துக்கொண்டு, ஹப்பின் பக்கவாட்டில் பித்தளைச் சுத்தியலால் தட்டினால் தானாகக் கழன்று வரும். உளியால் நெம்பினால் ஹப்தான் பழுதாகும்.

மறுமொழி: நான் ரொறன்ரோவில் டொயோட்டா டக்கோமா பிக்கப் வைத்திருக்கிறேன். இதில் டிஸ்க் ஹப்புக்கு முன்னால்தான், பேரிங்கைத் தொடத் தேவையில்லை. ஆனால் பனிக்காலத்தில் ரோட்டில் போடும் உப்பால் துருப்பிடித்து ஹப்போடு ஒட்டிவிடும். டிஸ்க்கில் மரை போட்ட இரண்டு துளை இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் வெளியே தள்ளப்படும். புதியதைப் போடுமுன் ஹப்பின் முகத்தில் துருவைக் கம்பிப் பிரஷால் சுரண்டிவிடுங்கள். நான் ஒருமுறை அதைச் செய்யாமல் போட்டு, சில மாதத்திலேயே உதறல் திரும்பி வந்தது.

பதிவை எழுதியவரின் பதில்: தம்பி, கோன் வாஷர் பற்றிச் சொன்னது நல்லது. இடது பக்கத்தில் எனக்கும் ஒன்று அசையவே இல்லை, இரவு முழுக்க ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்துத்தான் எடுத்தேன்.